இருந்த இடத்திலிருந்து

ஆடியில் வருகிறாய் என்றால் நல்லதுதான்.
இங்கே மழை அப்போது கொஞ்ச நாள் மூச்சு வாங்கும்.
கனிகுலா என்பார்கள். நம்பிவிடாதே,
குடை கொண்டு வா.

மனாகுவா விமான நிலையத்தில் பத்து டாலர் கேட்பார்கள்,
ரொக்கமாக.
தாளின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தாலும்
கண்ணாடிக்குப் பின்னிருக்கும் பெண்
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள்,
எக்ஸ்ரேயில் ஏதோ கண்டுவிட்டவள் போல.
பிறகு அனுதாபத்தோடு திருப்பித் தருவாள்.

வாசலிலேயே நிற்கும் டாக்சிகளை விடு.
சாலையைத் தாண்டி நில்.
ஏறுமுன் பேசுவது கூலி,
ஏறியபின் பேசுவது சண்டை.
வழியில் இன்னும் இரண்டு பேர் ஏறுவார்கள்.
ஒருத்தி மடியில் மூன்றடுக்கு கேக் இருக்கும்,
வளைவுகளில் எல்லோரும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி முகவரி.
தெருப்பெயர் இல்லை, கதவெண் இல்லை.
இப்படிச் சொல்:
சோப்புக் கம்பெனி இருந்த இடத்திலிருந்து
ஏரிப் பக்கம் இரண்டு தெரு,
மேலே ஒன்றரை.

சோப்புக் கம்பெனி இல்லை.
எழுபத்திரண்டில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு,
நள்ளிரவு தாண்டி அரைமணியில்
நிலம் தன்னை உதறிக்கொண்டபோது போயிற்று.
டிரைவர் வில்மோருக்கு இருபத்தாறு வயது.
அவன் அதைப் பார்த்ததில்லை,
அவன் அம்மாவும் பார்த்ததில்லை.
ஆனாலும் டயர்கள் அடுக்கிய அந்தக் கடை முன்னால்
பிரேக்கை அழுத்தி,
"வாசனை வருது பாருங்க" என்றான் ஒருமுறை.
கேலியா என்று இன்னும் தெரியவில்லை.

ஏரி என்றால் வடக்கு.
மேலே என்றால் கிழக்கு.
இங்கேதான் நான் ஒரு மாதம் தொலைந்தேன்.
சூரியன் ஏறுகிற பக்கம் இவர்களுக்கு மேல்,
இறங்குகிற பக்கம் கீழ்.
நம் கிழக்குக்குள்ளேயோ கீழ் இருக்கிறது,
மேற்குக்குள்ளே மேல்.
நம் வாயில் சூரியன் கீழே பிறந்து
மேலே போய்ச் சாகிறது.
மேலே மேலே என்று யார் சொன்னாலும்
என் கால் மேற்கே போயிற்று,
போய் நின்றது ஒவ்வொரு முறையும்
அதே சவப்பெட்டிக் கடையில்.
நான்காம் முறை கடைக்காரி சொரைதா
தலை நிமிராமலே வார்னிஷ் பூசியபடி சொன்னாள்:
"உங்களுக்கு இன்னும் நேரமாகல, திரும்பிப் போங்க."

ஒமெத்தெப்பே தீவுக்குப் போகாமல் இருக்காதே.
வெம்பெஸ் சந்தையில் பேருந்து,
அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க் களைத்த மஞ்சள் பேருந்து.
இருக்கை எட்டு வயது முழங்காலுக்கு அளந்தது.
ஜன்னலில் தண்ணீர் பையில் வரும், மூலையைக் கடித்துக் குடி.
படகு எப்போது என்று மூன்று பேரிடம் கேள்,
மூன்றில் முந்திய நேரத்துக்குப் போய் நில்.
அவோரித்தா என்றால் இப்போதே என்று அகராதி சொல்லும்.
அகராதிக்கு என்ன,
அது எந்தப் படகுத்துறையில் காத்திருந்தது?

சொல்ல மறந்தேன்.
என் வேலை ஆனியோடு முடிகிறது.
சாவி எதிர்வீட்டு எனெய்தா அம்மாளிடம் இருக்கும்.
காலையில் சிவப்பு அவரையும் சோறும் தருவாள்.
வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.
பின்கட்டுக் குழாயை இடப்பக்கம் திருப்பினால் மூடும்.

என்னை இங்கே இந்து என்கிறார்கள்,
இந்தியாவிலிருந்து வந்தால் எல்லோரும் இந்து.
ஞானஸ்நானம் பெற்றவன் என்று
இரண்டு பேருக்கு விளக்கிவிட்டு ஓய்ந்தேன்.
போன செவ்வாய் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.
அடுத்த வீட்டு யாஹோஸ்கா
பீட்சாவுக்கு வழி சொல்கிறாள் போனில்:
"இந்து இருந்த வீட்டிலிருந்து
கீழே அரைத் தெரு."
இருந்த.
என்னைப் பார்த்துவிட்டுக் கையசைத்தாள்,
நானும் அசைத்தேன், குழாயைப் பிடித்த கையால்.

கீழே என்றால் உனக்கு மேற்கு.
சில்லறை வைத்துக்கொள்,
ஐந்நூறு தாளை இங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.